ஏழு மலை தாண்டி ஒரு கிளி: குழந்தையின் அறைக்கு ஒரு மாயக்கதைச் சுவர்

கோட்டை, இளவரசி, யூனிகார்ன் ஸ்டிக்கர் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. ஒட்டிய கொஞ்ச நாளிலேயே ஓரம் பிரிந்து தொங்கும். அதைவிட, பாட்டிகள் சொல்லும் கதை ஒன்றையே சுவரில் ஏற்றிவிடலாம்: ஏழு மலை, ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் இருக்கும் மந்திரவாதியின் உயிர். வரையத் தெரியாதவர்களுக்கும் இது வரும். மலைக்கு வளைந்த கோடு போதும்.

நான்கு சுவரையும் தொட வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றே போதும். வாடகை வீடென்றால் ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தடி அகலச் சுவருக்கு வாடை குறைந்த எமல்ஷன் வெள்ளையில் 1 லிட்டர், அடர்நீலத்தில் 1 லிட்டர். நீலத்தைக் கடையிலேயே மெஷினில் கலந்து தருவார்கள். கூடவே சின்ன ரோலர், 1 அங்குல பிரஷ், உப்புத்தாள், சாக்பீஸ், இறுக்கமான மூடியுள்ள வாளி.

முதலில் சுவர். ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள், கொப்பளித்து உரியும். உதிர்வதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசி பறக்கும்போது குழந்தை அந்தப் பக்கம் வரக்கூடாது. வாடை போகும்வரை படுக்கையும் வேறு அறையில்தான்.

அடுத்து சாக்பீஸால் ஏழு கோடுகள். மேல் மலையின் உச்சி 5 அடி உயரத்தில், ஒவ்வொன்றும் 7, 8 அங்குலம் கீழே. ஒரு மலையின் உச்சி பின்மலையின் பள்ளத்துக்கு நேராக வரட்டும். எல்லாம் ஒரே சீராக வளைந்தால் மலை மாதிரி இருக்காது, தகரக் கூரை மாதிரி இருக்கும்.

இப்போது நிறம். தூரத்து மலை வெளிறித் தெரியும், கிட்டத்து மலை அடர்ந்து தெரியும், வித்தையே இவ்வளவுதான். வாளியில் அரை லிட்டர் வெள்ளை ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி நீலம் கலக்குங்கள். நீலத்தில் வெள்ளையை ஊற்றி வெளுக்க வைக்கப் பார்த்தால் வாளிதான் நிறையும், நிறம் மாறாது. கலந்ததைத் தாளில் தடவிக் காயவைத்துப் பாருங்கள், காய்ந்தால் கொஞ்சம் அடரும். காலையில் ஒரு கோட்டிங், நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் மலை முடிந்தது. பிறகு கிறுக்கலை மறைக்க உதவும், ஒரு மூடி அளவு எடுத்துச் சின்ன பாட்டிலில் வையுங்கள். மறுநாள் அதே வாளியில் நீலத்தை முன்பைவிடக் கூட்டி ஊற்றினால் இரண்டாவது மலை. அவசரப்படாமல் தினம் ஒரு மலை போடுங்கள். ராத்திரிக் கதையும் தினம் ஒரு மலை தாண்டட்டும். ஏழாவதுக்கு வெறும் நீலம்.

ஏழு கடலையும் வரையப் போகாதீர்கள், கட்டில் மறைத்துவிடும். நீலப் படுக்கை விரிப்பே கடல்.

மந்திரவாதியையும் வேண்டாம். நான் ஆசையாக மீசையோடு ஒருவனை வரைந்தேன். மகள் நான்கு நாள் எங்கள் நடுவில்தான் படுத்தாள். ஐந்தாம் நாள் அவன் மேல் ஐந்தாவது மலை ஏறிவிட்டது.

சீரியல் லைட் போடுவதென்றால் குழந்தையின் கைக்கும் கட்டிலுக்கும் எட்டாத உயரத்தில். கட்டிலுக்கு நேர்மேலே கனமான எதையும் மாட்டாதீர்கள்.

கடைசியாகக் கிளி. பச்சைத் துணியில் பஞ்சு அடைத்து, கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தைத்துவிடுங்கள். சுவரில் மாட்டாமல் திரைச்சீலை மடிப்பிலோ அலமாரிக்குள்ளோ ஒளித்து வையுங்கள். ஏழாம் நாள் குழந்தையே தேடி எடுக்கட்டும்.