மார்க்டவுன்: எழுத எழுதப் பக்கத்திலேயே பாருங்கள்

நிரல் எழுதும் செயலியான வி.எஸ். கோடில், நட்சத்திரம் போன்ற எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் கோப்பைத் திறந்து, கன்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு, வி-யைத் தட்டுங்கள் (மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). முன்னோட்டம் பக்கத்திலேயே திறக்கும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

தட்டத் தட்ட, சேமிக்கும் முன்பே அது மாறுவதால் பிழை அந்த வரியிலேயே பிடிபடும். தமிழில் எழுதுவோருக்கு இது ரொம்பவே உதவும். எழுத்தைத் தடிக்க வைக்க இருபுறமும் இரட்டை நட்சத்திரம் போட்டு, `**"அகம்"**இல்` என்று உருபை ஒட்டி எழுதினால் எழுத்து தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். மேற்கோள்குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளி `"**அகம்**"இல்` என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

கிட்ஹப் தளத்தில் பிழைகளையும் யோசனைகளையும் பதியும் இஷ்யூவில் போடும் குறிப்புக்கு மட்டும் இந்த முன்னோட்டத்தை நம்ப வேண்டாம். அங்கே ஒற்றை என்டர் புது வரியாகும். இங்கே, அமைப்பை மாற்றாதவரை, முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும்.