குளிரில் ஆர்.ஓ. தண்ணீர் குறைகிறதா? இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் எல்லார் வீட்டிலும் ஒரே புலம்பல்தான்: "ஆர்.ஓ.வில தண்ணி சொட்டு சொட்டா வருது." அவசரப்பட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "மெம்பரேன் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். முதல் தவறு அதற்குத் தலையாட்டுவது.

மெம்பரேன் என்பது தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் சவ்வு. அதன் மேல் 75 ஜி.பி.டி. என்று போட்டிருப்பது 25 டிகிரித் தண்ணீருக்கான கணக்கு. ஒரு நாளைக்கு 75 கேலன், அதாவது சுமார் 284 லிட்டர். மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் இதில் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 15 டிகிரியில் மணிக்கு எட்டரை லிட்டர், 10 டிகிரியில் ஏழு லிட்டர்தான் கிடைக்கும். குளிரில் எண்ணெய் தடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீரும் தடிக்கிறது, தெரிவதில்லை. 10 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு 25 டிகிரியில் இருப்பதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மெம்பரேனின் நுண்துளைகளும் குளிரில் கொஞ்சம் இறுகும். அதே மோட்டார், அதே அழுத்தம் என்றால் வரத்து குறையத்தான் செய்யும்.

அளந்து பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. முன்னால் இருக்கும் குழாயைத் திறந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அது உள்தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்த தண்ணீர். கையைக் கழுவிக்கொண்டு மூடியைத் திறந்து, தொட்டிக்குள் இறங்கும் மெல்லிய டியூபை ஒரு லிட்டர் பாட்டிலில் விடுங்கள். 25 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் நிறையும் பாட்டிலுக்கு 10 டிகிரியில் எட்டரை நிமிடம் ஆகலாம். அது குளிரின் வேலை, பழுதில்லை. பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் என்று போனால் வேறு ஏதோ இருக்கிறது.

அப்போது கழிவுத் தண்ணீர் டியூபையும் பாருங்கள். இரண்டுமே மெலிந்திருந்தால் சந்தேகம் வெளியே இருந்து மண், தூசியைப் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர், கார்பன், மோட்டார், அடாப்டர் மேல். கழிவு வழக்கம்போல் வந்து நல்ல தண்ணீர் மட்டும் ரொம்பக் குறைந்தால் மெம்பரேனில் அடைப்பு இருக்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். அதைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் உதவும்: குளிரால் மட்டும் வரத்து குறைந்தால் சுத்தமான தண்ணீரின் டி.டி.எஸ். ஏறாது, கொஞ்சம் இறங்கக்கூடும். ஏறியிருந்தால் மெம்பரேனைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, வீட்டு வைத்தியங்களுக்கு வருவோம். கீசர் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குத் திருப்பிவிடுவது இருப்பதிலேயே மோசமானது. வீட்டு மெம்பரேன்கள் பொதுவாக 45 டிகிரி வரைதான் தாங்கும். கீசரிலிருந்து வருவது அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மெம்பரேன் கெடும், டியூப் இணைப்புகள் இளகி ஒழுகும்.

அடுத்தது, "டியூபைப் பதினைந்து மீட்டர் சுருட்டிச் சமையலறையில் வைத்தால் தண்ணீர் சூடாகிவிடும்" என்ற யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் ஒத்துவரவில்லை. உள்விட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள டியூபில் பதினைந்து மீட்டருக்கு 190 மில்லிதான் பிடிக்கும். நிமிடத்துக்கு 500, 600 மில்லி இழுக்கும் மெஷினில் அந்தத் தண்ணீர் அரை நிமிடம்கூடத் தங்காது. அதற்குள் என்ன சூடேறும்?

எஃப்.ஆர். என்று மெக்கானிக்குகள் சொல்லும் சின்னக் குப்பி கழிவு டியூபில் இருக்கும், கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். அதைக் கழற்றினால் அழுத்தம் விழுந்து, வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். கழிவைக் குறைக்க இன்னும் சின்ன எஃப்.ஆர். போட்டால் உப்பு மெம்பரேனில் படிந்துவிடும். அந்த நஷ்டம் கோடையில்தான் தெரியவரும். 100 ஜி.பி.டி. மெம்பரேனுக்கு மாறுவதும் பழைய மோட்டாரும் பழைய எஃப்.ஆரும் அப்படியே இருந்தால் பெரிதாக உதவாது.

எனக்குக் கோபம் வருவது, மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கலந்துவிடும் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் விஷயத்தில். அதைத் திறந்துவிட்டால் வரத்து உடனே கூடும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் கூடியது மெம்பரேன் வழியே வராமல் பக்கவாட்டில் கலக்கும் தண்ணீர். சர்வீஸ் முடிந்ததும் வரத்து அதிசயமாகக் கூடியிருந்தால் டி.டி.எஸ். பாருங்கள்.

செலவில்லாமல் பலன் தருவது நேரத்தை மாற்றுவதுதான். மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் விடிகாலையில் மிகக் குளிர்ந்திருக்கும், வெயில் பட்டால் மதியத்துக்கு மேல் பல டிகிரி ஏறியிருக்கும். பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள் குடத்திலும் பாட்டிலிலும் பிடித்து வைத்துவிட்டால் மெஷின் அந்த நேரத்திலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும். ராத்திரி சமையல் முடித்துத் தொட்டியைக் காலி செய்து, காலையில் நிறையவில்லையே என்று காத்திருப்பது நேர் எதிரான பழக்கம். அப்புறம், ஸ்பன் ஃபில்டரைக் குளிர் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். குளிரும் அடைப்பும் சேர்ந்தால்தான் அந்தச் சொட்டு நிலை வரும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் ஊரில் ஆர்.ஓ. தேவைதானா? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கத்தக்கதாகச் சொல்லும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். மழையும் ஓடையும் நிரப்பும் மலை அணைகளின் தண்ணீரில் பொதுவாக அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். போர்வெல் தண்ணீர் வேறு கதை. டி.டி.எஸ். மீட்டர் ஃப்ளூரைடு, நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது என்பதால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதில் குறை இல்லையென்றால் நல்ல ஃபில்டரோடு, புற ஊதாக் கதிரால் கிருமிகளை அழிக்கும் யு.வி. மெஷினே போதும், பல வீடுகளில் இந்தக் குளிர்காலத் தொல்லையே இருக்காது.

தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரி உறைபனி விழும் இடங்களில் மெஷினைத் திறந்த பின்கட்டில் மாட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் உறைந்தால் மெம்பரேன் கிழிந்துவிடும், அது வெயில் வந்தாலும் சரியாகாது.