கடலில் பிழைத்த விமானம் தொட்டியில் சாகிறது

பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் படிக்கும் பொறியியல் மாணவர்கள் சிலருக்கு, கடலில் கிடந்த உலோகத்தைப் பாதுகாக்கும் வேலையைக் கற்றுத் தருகிறேன். இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் கிடந்த ஜெர்மானிய டோர்னியர் 17 விமானத்தை 2013 ஜூன் 10 அன்று தூக்கிய காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். என்றாவது ஒரு போர் விமானத்தை மீட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பயிற்சிக்கு விமானம் எங்கே கிடைக்கும்? சங்கு குளிப்பவர்கள் எடுத்துத் தரும் மூழ்கிய படகு மோட்டார்களின் அலுமினிய உறைகளில்தான் பழகுகிறோம். நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். போல்ட் உடைவது, திருகு வழுக்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கடலில் கிடந்த இரும்பைக் காஸ்டிக் சோடா கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைப்பது முறையான வைத்தியம். துருவுக்குள் புகுந்த குளோரைடு உப்பு அதில் மெல்ல வெளியேறும். நங்கூரத்துக்கும் பீரங்கிக்கும் அது பொருந்தும். ஆனால் போர் விமானத்தின் உடல் பெரும்பாலும் டூராலுமின், அதாவது செம்பு கலந்த அலுமினியம். ஏறத்தாழ பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மையின் அளவு) 4 முதல் 8.5 வரைதான் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் நிலைக்கும். காஸ்டிக் கரைசலில் முதலில் அந்தப் படலம் கரையும், பிறகு உலோகமே கரையும்.

ஒரு முறை நான் வெளியூர் போயிருந்தபோது, மாணவர்கள் ஒரு மோட்டார் உறையை இரும்புக்காக வைத்திருந்த தொட்டியில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தால் தொட்டி முழுக்க நுரை. "அழுக்கு எப்படிக் கிளம்புகிறது பாருங்கள், சார்!" என்று மகிழ்ச்சியோடு காட்டினார்கள். கிளம்பியது அழுக்கல்ல, ஹைட்ரஜன். அலுமினியம் கரையும்போது வெளிவரும் வாயு அது. மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும். உறையை வெளியே எடுத்தபோது கறுத்திருந்தது. அதையும் அழுக்கென்று நினைத்துத் தேய்க்கப் போனார்கள். அலுமினியம் போன இடத்தில் மிஞ்சிய செம்புப் படிவம்தான் அந்தக் கறுப்பு. பொறித்திருந்த எண்ணைக் காணவில்லை. உறையை எடுத்துக் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, "கடலுக்குள்ளே எண் நன்றாகத் தெரிந்ததே, அண்ணாச்சி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

படகு மோட்டார் உறை தடிமனானது. விமானத்தின் மேல்தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் இந்தத் தவறு நடந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். டோர்னியரை இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வைத்துத் தெளித்த கரைசலில் காஸ்டிக் சோடாவும் உண்டு. ஆனால் அதில் முதன்மையானது சிட்ரிக் அமிலம். கரைசலின் பி.எச். அளவை ஐந்தரைக்கு அருகே நிறுத்தத்தான் காஸ்டிக். பிள்ளைகள் பெயரைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் பிரியுங்கள். இரும்பு தனி, அலுமினியம் தனி. மக்னீசியக் கலவையில் செய்த பாகங்கள் இருந்தால் அவையும் தனி, ஏனென்றால் சிட்ரிக் அமிலம் அவற்றைத் தின்றுவிடும். பிரிக்கவே முடியாத இணைப்பென்றால் அலுமினியத்தின் பக்கம் நில்லுங்கள். இரும்பு கொஞ்சம் துருப்பிடித்தாலும் பரவாயில்லை. கரைசலின் பி.எச். அளவைக் காகிதப் பட்டையை நம்பாமல் மீட்டரால் தினமும் அளந்து எழுதி வையுங்கள்.

உலர விடுவது

கூடாது. ஈரச்சாக்கு இல்லாமல் கரையேற்றாதீர்கள்.

கம்பித் தூரிகை

கொட்டலசுக்கு (உலோகத்தில் ஒட்டி வளரும் ஓடுடைய கடலுயிர்) அடியில்தான் பழைய வண்ணமும் எழுத்தும் இருக்கும். தூரிகையைத் தூக்கி எறியுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் அலசுவது

நம் கடற்கரை ஊர்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரே உப்பு. உப்பை எடுக்க உப்பு நீரில் அலசுவதில் பயனில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் போல் கலங்கினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீர்தான்.

காற்றுப் பையை முழுதாக நம்புவது

மூழ்கிய பொருளில் கட்டி மேலே தூக்கத்தான் காற்றுப் பை. இருபது மீட்டர் ஆழத்தில் அதில் அடைத்த காற்று, மேலே வர வர மூன்று மடங்காக விரியும். பாதி நிரம்பிய பையின் தூக்குவிசையும் கூடிக்கொண்டே போகும். சுமை கட்டுக்கடங்காமல் பாயும். உள்ளே நிறைந்த மணலையும் நீரையும் மெதுவாக வடியவிடாவிட்டால் இறக்கை முறியும்.

அனுமதி

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானத்தை உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. இங்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கேயும் அனுமதி வேண்டும். தோட்டாவோ எலும்போ தென்பட்டால் கையை எடுத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

ஏரியையும் கடலையும் ஒன்றாக நினைப்பது

கிரீன்லாந்துப் பனிக்கடியிலிருந்து 1992இல் எடுத்த பி-38 லைட்னிங் போர் விமானம் 2002இல் பறந்ததே என்று வாதிடுகிறார்கள். அது பனி, அங்கே உப்பு இல்லை. ரஷ்யக் கரேலியாவின் ஏரியிலிருந்து 1998இல் எடுத்த புருஸ்டர் பஃபலோ போர் விமானம் நன்னீரில் கிடந்தும்கூட, அதைப் புதுப்பிக்காமல், எடுத்த கோலத்திலேயே பின்லாந்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. நம் கடலின் வெதுவெதுப்பான உப்பு நீரில் கிடந்த ஒன்றைப் பறக்கவிடும் திட்டத்தோடு யாரும் வர வேண்டாம். காட்சிக்கு வைப்பதென்றால் வாருங்கள், முதலில் தொட்டிகளைக் கட்டுவோம்.