பழைய பைக்கின் இன்ஜினுக்கு வலு கூட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய பைக்குக்கு வேகம் கூட்ட நினைப்பவர்களில் பலர் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். சத்தம் மாறியதும் வண்டி பாய்வது போலத் தோன்றும். அதே மேட்டில் அதே கியரில் ஏற்றிப் பார்த்தால், முன்பைவிடத் திணறுவது தெரியும். இருபது வருடம் ஓடிய இன்ஜினில் இழுவை இல்லையென்றால், புதிதாக இருந்தபோது அதற்கு இருந்த சக்தியே எங்கோ கசிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் மேலே எதை மாட்டினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

அதனால் மிகப் பெரிய தவறு, அளக்காமல் ஆரம்பிப்பது. சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை (கம்ப்ரஷனை) அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கிடைத்தால் போதும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கை அதன் கேப்பிலேயே சொருகி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வையுங்கள். ஆனால் பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் இதற்குமேல் ஏறாது என்கிற வரை கிக்கரை உதையுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விட்டால் காற்று போதுமான அளவு உள்ளே போகாது, நல்ல இன்ஜின்கூட நோஞ்சானாகக் காட்டும்.

வந்த எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் சட்டென்று மேலே போனால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கின்றன. இடைவெளியை ஆயில் கொஞ்ச நேரம் அடைத்து வைத்திருக்கிறது. முள் அசையவில்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் கசிகிறது. இந்த ஒரு சோதனையே, அடுத்து எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஹெட்டைப் பிரிக்கும் முன் டேப்பெட்டையும், அதாவது வால்வைத் திறக்கும் உறுப்பில் விடும் சிறு இடைவெளியையும் பாருங்கள். டேப்பெட் சத்தமே கேட்கக்கூடாது என்று இறுக்கி வைக்கும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. இது இன்ஜினுக்குச் செய்யும் துரோகம். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் வால்வு சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. இடைவெளி போதாமல் வால்வு முழுதாக மூடவில்லை என்றால் வெப்பம் போக வழியில்லை. வால்வின் விளிம்பு கருகும், கம்ப்ரஷனும் போகும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். லேசான டிக் டிக் சத்தம் நல்லதுதான்.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பார்த்தால் பல வண்டிகளில் முடி போன்ற வெடிப்புகள் தெரியும். அது வழியே அளவில்லாத காற்று உள்ளே நுழையும். கார்புரேட்டருக்குள் நீடிலும் நீடில் ஜெட்டும் வருடக்கணக்கில் உரசித் தேய்ந்து, பாதி ஆக்சிலரேட்டரில் பெட்ரோலை அதிகமாக விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் இடங்களில் பழைய ரப்பர் உறுப்புகள் ஊதிப்போவதும் உண்டு. இவற்றைச் சரிசெய்ததுமே பாதிப் பேருக்கு, தேடிய இழுவை திரும்பிவிடும். அப்புறம் அதற்குமேல் எதுவும் மாற்றத் தோன்றாது என்பது என் கருத்து.

சரி, இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது, இன்னும் வேண்டும் என்கிறீர்கள். இப்போது வருவது, அடைப்பில்லாத சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் மாட்டிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைத் தொடாமல் விடும் தவறு. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய, எடையளவில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகபட்ச சக்தி வருவது அதைவிடச் சற்று ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக), 12.5 முதல் 13 பங்கு காற்றில். எத்தனால் கலந்தால், அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் எரிபொருள் தேவைப்படும். காற்று வரும் வழியையும் போகும் வழியையும் அகலமாக்கிவிட்டு எரிபொருளைப் பழைய அளவிலேயே விட்டால் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். வண்டி ஓடத்தான் செய்யும். ஹெட் கொதிக்கும், ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும், நீண்ட தூரம் முழு வேகத்தில் போனால் பிஸ்டனே உருகலாம்.

ஜெட் மாற்றும்போதும் எல்லாரும் மெயின் ஜெட்டையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆக்சிலரேட்டரின் முதல் கால் பங்கைப் பார்த்துக்கொள்வது பைலட் ஜெட். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஐட்லிங்கில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் தடுமாறுகிறதோ அந்தப் பகுதிக்கான உறுப்பைத் தொடுங்கள். முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது லேசாகக் குறைத்ததும் வண்டி இன்னும் இழுக்கிறது என்றால், மெயின் ஜெட் சிறியது.

வேக்குவத்தால் ஸ்லைடு தூக்கும் வகை கார்புரேட்டர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் பல, ஏர் பாக்ஸில் இருக்கும் அமைதியான காற்றை நம்பி அமைக்கப்பட்டவை. பாக்ஸைத் தூக்கிப்போட்டு நேரடி ஃபில்டர் மாட்டினால், எந்த ஜெட் போட்டாலும் நடு ஆக்சிலரேட்டரில் இழுவை சரிந்து ஒரு பள்ளம் விழும். பாக்ஸை வைத்துக்கொண்டு புது ஃபில்டர் போடுவதே நல்லது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் சைலன்சரின் வயிறு பெருத்த வடிவம் அழகுக்கல்ல. வெளியேறும் அலை அதில் மோதித் திரும்பி, தப்பிக்கப் பார்க்கும் புது மிக்சரைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை வெட்டி நேர்க்குழாய் வைத்தால் சத்தம்தான் மிஞ்சும்.

அடுத்தது சிலிண்டர் போர். அதைக் குடைந்து பெரிதாக்கி (ரீபோர் செய்து), "ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு, இனி பறக்கும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. போரும் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள இன்ஜினின் கொள்ளளவு சுமார் 98 சிசி. 1 மி.மீ. ஓவர்சைஸ் போட்டால் 102 சிசி. வெறும் 4 சதவீதம். ரீபோர் செய்தபின் வண்டி துள்ளுவது, தேய்ந்த சிலிண்டர் மறுபடி வட்டமாகி கம்ப்ரஷன் திரும்பியதால்தான். இதைப் புரிந்துகொண்டால், தேவையில்லாமல் பெரிய பிஸ்டனுக்குப் போய்ச் சிலிண்டர் சுவரை மெலிதாக்க மாட்டீர்கள். 0.25 மி.மீ. போதுமென்றால் 0.25 போடுங்கள், மிச்சமிருக்கும் சைஸ்கள் எதிர்காலத்துக்கு.

கம்ப்ரஷன் ரேஷியோவை (மிக்சர் எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை) கூட்டுவது உண்மையிலேயே பலன் தரும் வேலை. ஆபத்தும் அதில்தான் அதிகம். அதே 98 சிசி இன்ஜினில் ரேஷியோ 9 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 12.3 சிசி. 10 ஆக்க வேண்டுமானால் 10.9 சிசி. வித்தியாசம் 1.4 சிசிதான். சிலிண்டரின் அடிப்பகுதியை லேத்தில் 0.7 மி.மீ. எடுத்தாலே அது வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், "இன்னும் கொஞ்சம் எடு" என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். அந்தக் கொஞ்சத்தில் வால்வு பிஸ்டனை முட்டலாம். ஓவர்ஹெட் கேம் இன்ஜினில் ஹெட் கீழே இறங்குவதால் டைமிங் செயினின் கணக்கு மாறி, கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) சற்றுப் பின்தங்கும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து, வால்வு பதிந்த இடத்தின் தடிமனை அளக்காமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கூட்டிய கம்ப்ரஷனுக்கு ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் தேவைப்படலாம். மேட்டில் ஏறும்போது ஜல்லி குலுக்குவது போன்ற நாக்கிங் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிடுங்கள்.

இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) முன்னே தள்ளினாலும் இதே நாக்கிங் வரும். ரெவ் லிமிட் (சுற்று வேகக் கட்டுப்பாடு) இல்லாத சிடிஐ பெட்டி, அதாவது தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை, சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 9000 ஆர்பிஎம்மிலிருந்து 10000-க்குப் போனால் விசை 23 சதவீதம் அதிகம். அதைத் தாங்க வேண்டியது பல வருடம் உழைத்த பழைய ராடும் பேரிங்கும். சிலிண்டரைக் கழற்றியிருக்கும்போது ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம்; மேலும் கீழும் துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. இருந்தால், முதலில் கிராங்க் வேலை.

ஆயிலில் ஒரே எச்சரிக்கை: கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிக்குக் கார் ஆயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள வழுக்கும் சேர்மானங்கள் கிளட்சை ஸ்லிப் ஆக்கக்கூடும். கூட்டிய சக்தி சக்கரத்துக்குப் போகாது. டப்பாவில், இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீபோர் செய்த இன்ஜினை ஐட்லிங்கில் மணிக்கணக்காக ஓடவிட்டு "செட்" பண்ணுவதும் தவறுதான். ரிங் சுவரோடு பதிய மிதமான சுமை வேண்டும். வெறுமனே ஓடினால் சுவர் பளபளப்பாகி, அதன்பின் ரிங் பதியவே பதியாது. ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்து, ஒரே வேகத்தில் நிற்காமல் ஓட்டி, இடையிடையே நன்றாக ஆறவிடுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். அதில் உலோகத் தூள் மினுமினுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். ஃபில்டர், ஜெட், பிளக், டைமிங் நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி மிஸ்ஸிங் ஆனால் எங்கே தேடுவீர்கள்? ஒன்றை மாற்றி, ஒரே சாலையில் ஒரே கியரில் ஓட்டி, எடுத்த நேரத்தை எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிரேக்கையும் டயரையும் இன்ஜினுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். மணிக்கு 80 கி.மீ.யில் போன வண்டி 100-இல் போனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. பழைய டிரம் பிரேக்கின் லைனிங் அதற்குத் தயாரா என்று கழற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகிப்போய் ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால், ஜெட் வாங்கும் பணத்தில் முதலில் டயர் வாங்குங்கள்.