விமான நிலையச் சோதனை: பெல்ட், வளையல், ஊக்கு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

விமானத்துக்கு என்ன போட்டுக்கொண்டு போகலாம் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க விமான நிலையங்களை மனதில் வைத்து எழுதியவை. சென்னையிலோ திருச்சியிலோ வரிசையில் நிற்பவருக்கு அவை பாதிதான் உதவும். சோதிக்கும் கருவி ஊருக்கு ஊர் மாறுகிறது. எந்தக் கருவியின் முன்னால் நிற்கப் போகிறோம் என்று யோசிக்காமல் பெல்ட்டையும் வளையலையும் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளம்புகின்றன.

நம் ஊர் நடைமுறையை எடுத்துக்கொள்வோம். மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாக நடந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. வாசல் கத்தினாலும் கத்தாவிட்டாலும், ஒரு சிறு மேடையில் ஏறி நின்று கைகளை விரிக்க வேண்டும். மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் காவலர் கைக்கருவியை உடம்பு முழுக்க ஓட்டிப் பார்ப்பார். பெண்களுக்குத் திரை போட்ட தனி அறை, பெண் காவலர். ஆக, “வாசலில் சத்தமே வராது” என்று விளம்பரம் செய்து விற்கும் பெல்ட்டுக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் இங்கே பெரிய லாபம் இல்லை. கைக்கருவி உடம்பை ஒட்டி வருவதால் வாசல் விட்டதை அது பிடித்துவிடும். சட்டைப் பையில் மறந்துபோன மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள்கூடப் போதும்.

காந்தம் ஒட்டாத உலோகம் கத்தாது என்று பலர் நம்புகிறார்கள். “இது சுத்தத் தங்கம், இதுக்கெல்லாம் கத்தாது” என்று வளையலோடு நிதானமாக நடந்து போகிறவர்களை வரிசையில் அடிக்கடி பார்க்கலாம். அந்த வாசல் வேலை செய்வது காந்தம்போல் இழுத்து அல்ல. இரண்டு பக்கத் தூண்களிலும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய, காந்தப்புலம் எழும்பி அடங்குகிறது. அதற்குள் மின்சாரம் கடத்தும் பொருள் எது வந்தாலும் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் கிளப்பும் சிறு புலத்தைச் சுருள் உணர்ந்துகொள்ளும். தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எல்லாமே இதில் அடக்கம். தங்கமும் வெள்ளியும் செம்பும் இரும்பைவிட நன்றாக மின்சாரம் கடத்துபவை. அதிலும் வளையல், காப்பு, கொலுசு போன்ற மூடிய வளையங்களில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓட வழி இருப்பதால் அவை எளிதில் பிடிபடும். மெல்லிய மூக்குத்தியும் சின்னக் கம்மலும் வாசலைத் தாண்டிவிடும். கை நிறைய வளையல் தாண்டாது.

ஒவ்வொன்றும் சின்னதுதானே என்று நினைப்பதிலும் சிக்கல் உண்டு. ஐம்பொன் மோதிரம், செப்பு வளையம், வெள்ளிப் பூண் போட்ட கருங்காலி மாலை, கைக்கடிகாரம் என ஒருவர் மேலேயே சேரும்போது மொத்தமாகக் கணக்கு ஏறுகிறது. இதில் கழற்ற முடிந்ததை வீட்டிலேயே பைக்குள் வைத்துவிடலாம். வருஷக்கணக்கில் கையிலேயே இறுகிப்போன காப்பைக் கழற்ற முடியாது என்றால் அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். கைக்கருவி கத்தும், காவலர் பார்ப்பார், அனுப்பிவிடுவார். கத்துவது குற்றம் இல்லை. எதற்காகக் கத்தியது என்று உடனே காட்ட முடியாமல் திணறும்போதுதான் நேரம் போகிறது.

இடுப்புச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு அதிகம் தடங்கல் வருவது அங்கேதான்.

மகனையோ மகளையோ பார்க்க வெளிநாடு போகும் பெரியவர்கள் பலர் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பார்கள். பணம், பாஸ்போர்ட், மாத்திரை, சாவி எல்லாம் அதில். வழியில் எதுவும் தொலையக் கூடாது என்று அக்கறையோடு செய்யும் ஏற்பாடு அது. ஆனால் சோதனையில் அந்த பெல்ட்டைத்தான் முதலில் கழற்றச் சொல்வார்கள். பத்திரமாக இருக்க வேண்டிய பணமும் பாஸ்போர்ட்டும் திறந்த தட்டில் நம் கையை விட்டுப் போகும். வேட்டியைப் பிடித்திருந்த பிடியும் போய்விடும். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டும் விரித்து, அத்தனை பேர் முன்னால் ஒரு பெரியவர் கூச்சத்தோடு நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். இதைத் தவிர்ப்பது மிகச் சுலபம். பயண நாளன்று ஒட்டிக்கோ வேட்டி கட்டச் சொல்லுங்கள். பணம், பாஸ்போர்ட் எல்லாம் கழுத்தில் மாட்டும் துணிப்பையிலோ கைப்பையின் ஜிப் வைத்த அறையிலோ இருக்கட்டும். பேன்ட் போடுபவர்கள் பெல்ட் இல்லாமலே நிற்கும் பேன்ட்டை, அதாவது இடுப்பில் எலாஸ்டிக்கோ நாடாவோ வைத்ததை எடுத்துக்கொள்ளலாம். பெல்ட் கட்டாயம் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் கொக்கி போட்ட துணி பெல்ட் நல்லது. அதையும் கழற்றச் சொல்லலாம். ஆனால் கழற்ற இரண்டு நொடி, மாட்ட இரண்டு நொடி.

வெள்ளி அரைஞாண் கொடி வெளியே தெரியாது, ஆனால் கத்தும். காவலர்களில் பலர் வெளி மாநிலத்தவர். அரைஞாண் என்றால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினால் முடிந்தது. காட்டுவதற்குக் கூச்சமாக இருந்தால் பயணத்துக்கு மட்டும் கறுப்புக் கயிறாக மாற்றிக்கொள்ளலாம். கயிற்றில் தாயத்து கோத்திருந்தால் அதன் குழாய் உலோகம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். குழந்தைகளுக்கும் இதேதான். அரைஞாண், கால் தண்டை, கைக்காப்பு எல்லாம் போட்டுத் தூங்கும் குழந்தையைச் சோதனைக்காக எழுப்பி அழவிடுவதைவிட, அவற்றை முதல் நாளே கழற்றிவைப்பது மேல்.

சேலைக்கு வருவோம். சேலை கட்டிக்கொண்டு பறப்பதில் எந்தத் தடையும் இல்லை, தொந்தரவும் இல்லை. தொந்தரவு தருவது ஊக்கு. தோளில் இரண்டு, முந்தானை மடிப்பில் மூன்று, கொசுவத்தில் ஒன்று, இடுப்புப் பக்கம் ஒன்று என்று குத்திக்கொண்டு போனால் கைக்கருவி ஒவ்வோர் இடத்திலும் கத்தும், பெண் காவலர் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுப் பார்ப்பார். தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று போதும். முந்தானையை மடிப்பெடுத்துக் குத்தாமல் ஒற்றையாக விட்டால் இன்னும் எளிது. அசல் ஜரிகையில் வெள்ளி இழை இருக்கிறது. மலிவு ஜரிகை செம்பு இழையிலோ, உலோகப் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக் இழையிலோ வரும். அகலக் கரை வைத்த பட்டுச்சேலைக்குக் கைக்கருவி சத்தம் போட்டால் பதற வேண்டாம். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று விமானத்திலேயே பட்டு கட்டிக்கொண்டு போவதைவிட, பருத்தியோ மெல்லிய ஜரிகை போட்டதோ கட்டிக்கொண்டு, பட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. உள்ளாடையில் கம்பி வைத்தது இருந்தாலும் கைக்கருவி அங்கே நிற்கும். அன்றைக்குக் கம்பி இல்லாததை அணிவது நமக்கும் நல்லது, நீண்ட பயணத்துக்கும் வசதி.

தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. வழக்கமாகச் சொல்வதில்லை. கருவி கத்தினால் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். மெட்டியும் அப்படியே.

நகை விஷயத்தில் பெரிய ஆபத்து சத்தம் அல்ல, தட்டு. வரிசை நெருக்கும்போது அவசரமாக வளையலையும் சங்கிலியையும் கழற்றித் திறந்த பிளாஸ்டிக் தட்டில் போடுகிறோம். தட்டு எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்விடுகிறது. நாமோ தனியறையின் வாசலில் இன்னொரு வரிசையில் நிற்கிறோம். பெண்களுக்கான தனியறைகள் குறைவாக இருக்கும் இடங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளும். அந்த நேரம் முழுக்க நகை மறுமுனையில் கேட்பாரற்றுக் கிடக்கும். கழற்ற வேண்டியதை வரிசைக்கு வருவதற்கு முன்பே ஜிப் வைத்த சிறு பையில் போட்டு, அந்தப் பையைக் கைப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். தட்டில் தனியாக எதுவும் இருக்க வேண்டாம். பயந்துகொண்டு செக்-இன் பெட்டியில் நகையைப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பெட்டி பல கைகள் மாறிப் போகிறது. நிறைய நகையோடு இந்தியாவிலிருந்து வெளிநாடு போய் அதே நகையோடு திரும்புகிறவர்கள், கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது புதிதாக வாங்கிய நகையோ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

காலணியில் வெளித்தோற்றம் ஏமாற்றும். ஆண்கள் போடும் தோல் ஷூ பலவற்றில் அடிப்பாதத்துக்கு உள்ளே ஓர் எஃகுப் பட்டை இருக்கிறது. குச்சி ஹீல்ஸ் செருப்பின் குதிக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. மேலே ஒரு உலோகமும் இல்லையே என்று நாம் நினைத்திருப்போம், கருவி கத்தியதும் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். கயிறு பல சுற்றுச் சுற்றிய பூட்ஸ் இந்த நேரத்தில் பெரும் பாடு. காலை நுழைத்தால் போதும் என்ற மாதிரி கேன்வாஸ் ஷூ அல்லது கொக்கி இல்லாத செருப்பு நல்லது. அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2001 டிசம்பரில் ஒருவர் ஷூவுக்குள் வெடிபொருள் வைத்து விமானத்தைத் தகர்க்க முயன்றதன் தொடர்ச்சியாக 2006-இல் கட்டாயமாக்கப்பட்ட விதி அது. 2025 ஜூலையில் அதைத் தளர்த்திவிட்டார்கள். கருவி சந்தேகப்பட்டால் மட்டும் இப்போது கழற்றினால் போதும்.

அமெரிக்கா, ஐரோப்பா போகிறவர்கள் வேறொரு கருவியைச் சந்திப்பார்கள். கண்ணாடிக் கூண்டுபோல் இருக்கும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கச் சொல்வார்கள். 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடைக்குள் வெடிபொருளோடு ஒருவர் டெட்ராய்ட் விமானத்தில் ஏறிய பிறகு இவை வேகமாகப் பரவின. மில்லிமீட்டர் அலையில் வேலை செய்யும் இந்தக் கருவிக்கு உலோகம் என்ற கணக்கே கிடையாது. உடம்பின் மேல் புடைத்துக்கொண்டு இருக்கும் எதையும் அது குறிக்கும். பையில் மடித்து வைத்த டிஷ்யூ, ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கையின் மணிகள், நெஞ்சில் பல மடிப்பாகப் போட்ட துப்பட்டா, இறுக்கிப் போட்ட கொண்டை எல்லாம் திரையில் சதுரமாகத் தெரியும். அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஆக, இங்கே உலோகமே இல்லாத பட்டனும் பிளாஸ்டிக் கொக்கியும் தேடி வாங்கியதால் பயன் இல்லை. பைகளைக் காலியாக வைப்பதும், முடியைத் தளரப் பின்னுவதும், வேலைப்பாடு குறைந்த உடையும்தான் உதவும். பல பை வைத்த கார்கோ பேன்ட்டை இந்தப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

இடையில் விமானம் மாறுகிறவர்கள் ஒரே சோதனையோடு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமானம் ஏறும் கேட்டருகேதான் நடக்கிறது. அமெரிக்காவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் மறுபடியும் முழுச் சோதனைக்குப் போக வேண்டும். முதல் சோதனை முடிந்ததும் எல்லா நகையையும் திரும்பப் பூட்டிக்கொள்ளாமல் கடைசி ஊர் வரை பையிலேயே விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

சில பொருள்கள் கத்துவதால் அல்ல, வடிவத்தால் மாட்டும். துப்பாக்கிக் குண்டு வடிவச் சாவிக்கொத்து, துப்பாக்கி பொறித்த பெல்ட் கொக்கி, சின்னக் கத்தி மடங்கும் சாவி வளையம், கூரான உலோகக் கொண்டை ஊசி ஆகியவை எக்ஸ்ரேயில் தெரிந்ததும் பை திறக்கப்படும். பெரும்பாலும் பொருள் திரும்பக் கிடைக்காது. சாவிக்கொத்தில் மாட்டிய லைட்டர் இந்தியாவில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.

இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மேடையில் ஏறுவதற்கு முன்பே அதற்கான அடையாள அட்டையைக் காட்டி, கைக்கருவியை நெஞ்சின் மேல் பிடிக்காமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குக் கத்தத்தான் செய்யும். மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் பேச்சு குறையும்.

அப்புறம் தலையில் வைத்த மல்லிகை. சோதனையில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் இறங்குபவர்கள் பூவை விமானத்திலேயே எடுத்துப் போட்டுவிட வேண்டும். ருத்ராட்சம், துளசி மாலை போன்றவை விதையாலும் மரத்தாலும் ஆனவை என்பதால் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்டினால் அதிகாரி பார்த்து முடிவு சொல்வார். மறைத்து மாட்டினால் அபராதம் கட்ட நேரிடும்.