ஃபைப்ரோமயால்ஜியா வலி: எனக்கு எது உதவியது

மூன்று வருடமாகக் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று உடம்பு முழுக்க வலி, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரியே இருக்கும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்" என்று ஒரு டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

கடைசியில் ஒரு வாதநோய் மருத்துவர்தான் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, உட்காரவைத்து விளக்கினார். தசையிலோ மூட்டிலோ சேதம் இல்லை, மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெரிதாக்கிவிடுகின்றன, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி. வலி நிஜம், ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். முன்பு, இந்த நோயைக் கண்டறிய 1990-இல் வந்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்ப்பார்களாம்; என்னிடம் தூக்கம், களைப்பு, மறதி பற்றித்தான் அதிகம் கேட்டார்.

தினமும் விழுங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, என் வயிறுதான் கெட்டது. அதை நிறுத்தி இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார் (மனச்சோர்வு மருந்துதான், குறைந்த அளவில் வலிக்கும் தூக்கத்துக்கும் தருவார்கள்). வாய் வறண்டது, காலையில் மந்தம், ஆனால் தூக்கம் ஆழமானது. தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் நடையால் வந்தது. முதலில் ஐந்தே நிமிடம், அதற்கே மறுநாள் வலி கூடியது, பயந்து விட்டுவிடாமல் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் கூட்டினேன். அப்புறம், வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து இரண்டு நாள் படுத்துக் கிடக்கும் பழக்கத்தை விட்டேன். ஆறு மாதத்தில் 30 நிமிடம் நடக்கிறேன். வலி இருக்கிறது, பாதியாக.