புழுக்கத்தில் புழு இல்லை

சித்திரை மாதத்துப் பின்னேரம். முற்றத்து வேம்பில் ஓர் இலைகூட அசையாது. குளித்துவிட்டு வந்து துவாயால் துடைத்து முடிப்பதற்குள் முதுகு மறுபடி நனைந்துவிடும். இந்தப் புழுக்கத்தைப் பலர் 'புளுக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால் வரும் வினை. இதில் ஒரு 'க்' வேறு தவறினால் சங்கதியே மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் புளுகம் என்றால் சந்தோஷம். "பெடியனுக்குச் சரியான புளுகம்" என்றால் அவனுக்கு வியர்க்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்தது, புழுவைப் போல நெளிய வைப்பதால் புழுக்கம் என்று சொல்லும் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நம்ப வேண்டாம். மயங்கு மயக்கம் ஆவதுபோல, கலங்கு கலக்கம் ஆவதுபோல, புழுங்கு புழுக்கம் ஆகிறது. புழுங்குதல் என்றால் அவிதல், புழுக்குதல் என்றால் அவித்தல். அதாவது இது அடுப்படிச் சொல். சங்க நூலான பொருநராற்றுப்படையில் வரும் 'புழுக்கு' வேகவைத்த இறைச்சி. புழுங்கல் அரிசியும் நெல்லை அவித்து எடுத்ததுதான்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, புழுக்கொடியலே போதும். பனங்கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல்; இடித்து மாவாக்கினால் கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும். அதே கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பல் உறுதியாக இருந்தால் தேங்காய்ச் சொட்டோடு கடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பானை நீராவி, அந்த அவித்தலின் பெயர்தான் 'புழுக்கு'. இதையும் 'புளுக்கொடியல்' என்று எழுதி ஒட்டி விற்கிறார்கள். ருசி குறையாது, சரி, ஆனால் சொல்லின் வேர் அறுந்துபோகிறது.

வெயிலையும் புழுக்கத்தையும் ஒன்றாக்குவதும் தவறு. காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை காயாமல் உடம்பிலேயே நின்றால்தான் புழுக்கம். அதனால்தான் முகில் மூடிய இரவிலும் "அவியுது" என்று சொல்லிக்கொண்டு பாயைத் திண்ணைக்குக் கொண்டுபோகிறோம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் வெயில் அப்படியே எரித்தாலும் புழுக்கம் தணிந்துவிடும்.

அப்படியானால் ஈரப்பதத்துக்கு இன்னொரு பெயர்தான் புழுக்கமா? அதுவும் இல்லை. தை மாத விடியலில் புல்லெல்லாம் பனி, காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும். அந்த நேரம் நாங்கள் தேடுவது போர்வையை.